பலனைத் துறப்பது யார்?

சில மாதங்களுக்கு முன்பு அன்பர் ஒருவர் ஆசிரமத்திற்கு வந்திருந்தார். பணியின் பொருட்டு வட இந்தியாவில் குடியேறி இருபது ஆண்டுகளுக்கும் மேலாக வாழ்ந்து வருபவர். அவருக்கு ஒரு மகன், ஒரு மகள்; இருவருமே நன்றாகப் படிப்பவர்கள். ஆனால் இருவரையும் ஒரே நேரத்தில் மேற்படிப்புக்கு அனுப்ப அவரது வருமானம் இடம் தரவில்லை.

“சுவாமிஜி, மகனுக்குச் செலவிட்டால் அது குடும்பத்திற்குத் திரும்பி வரும். மகள் படித்துவிட்டு வேலைக்குப் போவாளோ, மாட்டாளோ! போனாலும் அந்தச் சம்பாத்தியம் வேறொரு வீட்டிற்குத்தான் சேரும். இப்படி நினைப்பது தவறா?” என்று கேட்டார்.

அவர் மகளை நேசிக்காதவர் அல்லர். நம்மில் பலர் மனத்தில் வைத்துக்கொண்டு வெளியே சொல்லத் தயங்குவதை அவர் வெளிப்படையாகக் கேட்டார். ஆகவே அந்தக் கேள்வியை நாமும் நேர்மையாக ஆராய வேண்டும்.

கணக்கு காட்டும் உண்மை

1951-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது நம் நாட்டில் எழுதப் படிக்கத் தெரிந்த பெண்கள் நூற்றுக்கு ஒன்பது பேர்கூட இல்லை. 2011-இல் அந்த எண்ணிக்கை ஏறக்குறைய 65 ஆக உயர்ந்தது. 2021-22-ஆம் கல்வியாண்டில் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் பெண்களிடையே 28.5 சதவீதம், ஆண்களிடையே 28.3 சதவீதம். வகுப்பறையில் பெண்கள் ஆண்களை எட்டிப் பிடித்துவிட்டார்கள்.

வகுப்பறைக்கு வெளியே நிலைமை வேறு. 2023-24-ஆம் ஆண்டின் அரசு ஆய்வின்படி, 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் 78.8 சதவீதம் பேர் வேலையில் இருந்தனர் அல்லது வேலை தேடினர், பெண்களில் 41.7 சதவீதம் பேரே அவ்வாறு இருந்தனர். 2017-18-இல் இருந்த 23.3 சதவீதத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய உயர்வு. ஆனால் இவ்வாறு கணக்கில் சேர்ந்தவர்களுள் பலர் குடும்ப நிலத்திலும் கடையிலும் கூலியின்றி உழைப்பவர்கள்.

படித்த பெண்ணின் நேரம் எங்கே செல்கிறது? 2024-இல் நடந்த நேரப் பயன்பாட்டு ஆய்வு இதற்கு விடை தருகிறது. ஊதியமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் அவற்றில் ஒரு நாளில் சராசரியாக 289 நிமிடங்களைச் செலவிட்டனர். ஆண்கள் 88 நிமிடங்களை.

இப்போது அன்பரின் வாதத்திற்கு வருவோம். பெண்கள் குறைவாகச் சம்பாதிக்கிறார்கள். ஆதலால் அவர்களது கல்விக்குக் குறைவாகச் செலவிடலாம் என்கிறோம். குறைவாகச் செலவிடுவதாலும், வீட்டு வேலை முழுவதையும் அவர்கள்மீது சுமத்துவதாலும் அவர்கள் குறைவாகச் சம்பாதிக்கிறார்கள். நாம் ஆதாரமாகக் காட்டும் நிலைமையை நாமே உண்டாக்கிக்கொண்டிருக்கிறோம்!

எளிதான பதில்

“கல்வி சம்பாதிப்பதற்காக அல்ல, மகளின் அறிவு வளரட்டும் என்று படிக்க வையுங்கள்” என்று கூறவே முதலில் வாயெடுத்தேன். ஒரு துறவிக்கு எளிதாக வரும் பதில் அது. ஆனால் சொல்லாமல் நிறுத்திக்கொண்டேன். மகனைப் பற்றிக் கேட்டிருந்தால் அதே பதிலைச் சொல்லியிருப்பேனா? மகனின் கல்விக்கு வேலை ஒரு நியாயமான நோக்கம் என்றால், மகளின் கல்விக்கு மட்டும் அது தாழ்ந்த நோக்கமாவது எப்படி?

பிருஹதாரண்யக உபநிஷதத்தின் இறுதிப் பகுதியில், கற்றறிந்த மகளை விரும்பும் பெற்றோர் செய்ய வேண்டிய கிரியை கூறப்பட்டுள்ளது. ‘பண்டிதை’ என்பதே அங்குள்ள சொல். அதற்கு உரை எழுதிய ஆதிசங்கரர், அந்தப் பாண்டித்தியம் இல்லற நிர்வாகத்தைப் பற்றியது மட்டுமே என்று விளக்கினார். பெண்களுக்கு வேதம் ஓதும் அதிகாரம் இல்லை என்ற அக்கால வழக்கே அதற்குக் காரணம். ஆனால் அதே உபநிஷதத்தில் கார்க்கி பெரும் சபையில் யாக்ஞவல்கியரைக் கேள்வி கேட்கிறாள். மகானின் உரையை வணங்கிப் படிக்கும் நாம், மூலம் திறந்து வைத்த வாயிலைக் காலத்தின் வழக்கம் பாதி சாத்தியதையும் காண வேண்டும். இன்று மகளைப் படிக்க வைத்துவிட்டு, “வீட்டைப் பார்த்துக்கொள்ள இது போதும்” என்று நாம் கூறும்போது அதே வாயிலைத்தான் சாத்துகிறோம்.

துறவும் பறிப்பும்

“வீட்டு வேலையும் சேவைதானே? அதற்குப் பலன் எதிர்பார்க்கலாமா?” என்று சிலர் கேட்பார்கள். வீட்டு வேலை சேவையே, ஐயமில்லை. எங்கள் ஆசிரமத்தில் காய் நறுக்குவதும் பாத்திரம் துலக்குவதும் தரை கூட்டுவதும் முறை வைத்து அனைவரும் செய்யும் பணிகள். அங்கே அவை ஆண்களின் கைகளால் நடைபெறுகின்றன. யாரும் அதைக் குறைவாகக் கருதுவதில்லை. சேவை என்று நாம் உண்மையாகவே நம்புவதில் நமக்கும் பங்கு வேண்டும் அல்லவா? பிறருக்கு மட்டும் ஒதுக்கிவிட்டு அதைச் சேவை என்று புகழ்வது, சுமையை மலர்களால் மூடுவதற்கு ஒப்பாகும்.

பலனைத் துறத்தல் என்பது செயல் புரிபவர் தமக்குத்தாமே விதித்துக்கொள்ளும் ஒழுக்கம். அதை இன்னொருவர்மீது விதிக்க யாருக்கும் உரிமையில்லை. என் ஊதியத்தை நான் விட்டுக்கொடுத்தால் அது தியாகம். பிறருடைய ஊதியத்தை விட்டுக்கொடுக்கச் சொன்னால் அது பறிப்பு. கையில் பலன் இருப்பவரே அதைத் துறக்க முடியும். ஒரு விபத்து வழக்கில் 2021-இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், இல்லத்தரசியின் உழைப்புக்கும் பொருளாதார மதிப்பு உண்டு என்று வலியுறுத்தியது. அன்பு விலைமதிப்பற்றது என்பதால் உழைப்பு மதிப்பற்றதாகிவிடாது.

அன்பரிடம் நான் கூறியது இவ்வளவே: “கல்வி மனிதருக்குரியது, ஊதியம் உழைப்புக்குரியது. இரண்டில் எதையும் ஆணா பெண்ணா என்று பார்த்து அளக்காதீர்கள். பணம் குறைவு என்றால் அந்தக் குறையை இருவரும் பகிர்ந்துகொள்ளட்டும். யாருக்கு எது தேவை என்று உங்கள் மகள் என்ன நினைக்கிறாள்?”

அவர் நெடுநேரம் மௌனமாக இருந்தார். பிறகு மெல்லிய குரலில், “அவளை இதுவரை நான் கேட்கவே இல்லை, சுவாமிஜி” என்றார்.

நம் வீடுகளிலும் கேட்கப்படாத மகள்கள் இருக்கலாம். இன்றே கேட்போம்.