காணப்படுதலும் ஒரு கடமையா?

உரிமை, கடமை என்னும் இரு சொற்களும் ஒழுக்கவியலில் இணைபிரியாதனவாகவே பேசப்பட்டு வருகின்றன. ஒருவனது உரிமை மற்றொருவனது கடமையாகின்றது என்பது அவ்வியலின் பாலபாடம். ஆயின், கடமைக்குரியவன் உரிமைக்குரியவனைக் காணவே இயலாத நிலையில் இருப்பானாயின் அவ்வுரிமையின் கதி யாது? தன்னைப் பிறர் காணுமாறு செய்துகொள்ளும் பொறுப்பு உரிமையுடையவனுக்கும் உண்டா? ஏட்டுச் சிக்கல் போலத் தோன்றும் இவ்வினா ஆகாயத்தில் உயிர்ச் சிக்கலாக எழுந்துள்ளது. இயந்திரமின்றிக் காற்றின் துணைகொண்டு பறக்கும் கிளைடர்களும், இயந்திர வலுவால் விரையும் விமானங்களும் ஒரே வான்பரப்பைப் பகிர்ந்துகொள்ளும்போது நேரும் மோதல் அபாயமே அச்சிக்கல்.

வான்வழிக்கு விதிகள் உண்டு. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் விதிகளின்படி, இயந்திர விமானம் ஆகாயக் கப்பலுக்கும் கிளைடருக்கும் பலூனுக்கும் வழிவிடல் வேண்டும். ஆகாயக் கப்பல் கிளைடருக்கும் பலூனுக்கும் வழிவிடல் வேண்டும். கிளைடர் பலூனுக்கு வழிவிடல் வேண்டும். இவ்வொழுங்கின் அடிப்படை தெளிவானது. எவனுக்கு விலகும் ஆற்றல் மிகுதியோ அவனே விலகுதல் வேண்டும். பலூன் காற்றின் போக்கிலேயே செல்வது. கிளைடர் திரும்ப வல்லதாயினும், இழந்த உயரத்தை விரும்பியபோது மீட்க மாட்டாது. வெப்பக் காற்றோட்டம் ஒன்றைத் தேடிக் கண்டு, அதனுள் வட்டமிட்டே மேலேற வேண்டும். இயந்திர விமானமோ ஏறவும் இறங்கவும் திரும்பவும் வலுவுடையது. ஆதலின் வலியவன் மெலியவனுக்கு வழிவிடுக என்று விதி கூறுகின்றது. வலிமையே உரிமை என்னும் காட்டு நீதியை இது தலைகீழாக்கி, வலிமையைக் கடமையின் அளவுகோலாக்குகின்றது. மனிதர் வகுத்த போக்குவரத்து விதிகளுள் ஒழுக்க அழகு வாய்ந்தவற்றுள் இதுவும் ஒன்று எனலாம்.

எனினும், இவ்விதியின் அடியில் சொல்லப்படாத ஓர் எடுகோள் கிடக்கின்றது. வழிவிட வேண்டியவன் வழிபெற வேண்டியவனைக் காண்கின்றான் என்பதே அது. நல்ல வானிலையில் விமானிகள் ஒருவரையொருவர் கண்டு விலகிக்கொள்வர் என்னும் நம்பிக்கையின்மீதே பார்வைவழிப் பறப்பு முழுவதும் கட்டப்பட்டுள்ளது. 1956 யூன் 30ஆந் திகதி ஐக்கிய அமெரிக்காவின் கிராண்ட் கன்யன் பள்ளத்தாக்கின் மேல் இரு பயணிகள் விமானங்கள் மோதி 128 பேர் மாண்டபோதே அந்நம்பிக்கை பெரிதும் ஆட்டங்கண்டது. 1991இல் அவுஸ்திரேலிய விமானப் பாதுகாப்புப் புலனாய்வுப் பணியகம் வெளியிட்ட ஆய்வறிக்கை, கண்டு விலகும் முறையின் குறைபாடுகளை முறையாக ஆராய்ந்து, அது தனித்து நம்பத்தக்க காப்பன்று என்னும் முடிவுக்கு வந்தது.

குறைபாடு விமானிகளின் அசட்டையில் மட்டும் தங்கியதன்று. மனிதக் கண்ணின் அமைப்பிலேயே உள்ளது. நுண்மையாகக் காணவல்ல விழித்திரைப் பகுதி ஏறத்தாழ 2 பாகை அகலத்தையே ஒருநேரத்தில் கவரும். எஞ்சிய பரப்பில் அசைவுள்ள பொருளே எளிதிற் புலப்படும். ஆனால், மோதும் போக்கில் நேர்கோட்டில் நெருங்கும் விமானமோ முன்கண்ணாடியில் ஒரே புள்ளியில் அசையாது நிற்பதாகவே தோன்றும். எது மிக ஆபத்தானதோ அது மிகக் குறைவாகக் கவனத்தை ஈர்க்கின்றது. கிளைடரின் இயல்பு இவ்விடரை மேலும் பெருக்குகின்றது. வெயிலின் வெப்பத்தால் அதன் பிசின் கட்டமைப்பு நெகிழாதிருத்தற்பொருட்டு அது வெண்ணிறம் பூசப்படுகின்றது. வெண்முகிலின் அடியிலேயே அது பெரும்பாலும் ஏற்றந் தேடுகின்றது. நேர்முகமாக நோக்கும்போது அதன் உடல் ஒரு மீற்றர் அகலமும் இராது. சிறகோ மெல்லிய கோடு.

ஒரு கணக்கு இதனைத் தெளிவாக்கும். ஒரு பொருளைக் கண்டு, அது விமானம் என உணர்ந்து, மோதல் நேரும் என அறிந்து, முடிவெடுத்து, விமானத்தைத் திருப்பி, அது திரும்பும் வரையும் ஏறத்தாழ 12.5 செக்கன் தேவை என அமெரிக்க விமான நிருவாகத்தின் வழிகாட்டல் கூறுகின்றது. மணிக்கு 550 கிலோமீற்றர் வேகத்தில் வரும் ஜெட் விமானமும் 100 கிலோமீற்றர் வேகத்தில் வரும் கிளைடரும் நேர்முகமாக நெருங்கினால், அந்நேரத்துள் அவற்றிடையே 2 கிலோமீற்றருக்கு மேற்பட்ட தூரம் அழிந்துவிடும். அத்தூரத்தில் கிளைடரின் உடல் கண்ணிற் பதியும் கோணம் கூர்மையான பார்வையின் எல்லையை ஒட்டியது. அஃதாவது, விதி கோருங் கடமையை இயற்கை ஏறத்தாழ மறுத்துவிடுகின்றது. இயலாத ஒன்றைச் செய்யுமாறு எவரையும் கடமைப்படுத்தல் ஆகாது என்பது கான்ற் முதலிய மெய்யியலாளர் வலியுறுத்திய கொள்கை. அக்கொள்கை சரியெனின், இங்கே வலியவனின் கடமை சட்டத்தில் மட்டும் வாழ்கின்றது. அதனால் மெலியவனின் உரிமையும் சட்டத்தில் மட்டுமே வாழ்கின்றது.

2006 ஆகஸ்ட் 28ஆந் திகதி நெவாடா மாநிலத்தில் நிகழ்ந்தது இதற்குத் தக்க சான்று. ரீனோ நகரை நோக்கி இறங்கிக்கொண்டிருந்த ஹோக்கர் ரக ஜெட் விமானம் ஒன்று, ஏறத்தாழ 16,000 அடி உயரத்தில் ஒரு கிளைடருடன் மோதியது. சிறகொடிந்த கிளைடரின் விமானி பரசூட் மூலம் தப்பினார். மூக்குப்பகுதி சிதைந்த ஜெட், சக்கரங்கள் இறங்காத நிலையிலேயே கார்சன் நகர விமான நிலையத்தில் தரையிறங்கியது. அதிலிருந்த ஐவரும் உயிர் பிழைத்தனர். கிளைடரில், தன் இருப்பை ராடருக்கும் பிற விமானங்களின் மோதல் தவிர்ப்புக் கருவிகளுக்கும் அறிவிக்கும் ரான்ஸ்பொண்டர் கருவி பொருத்தப்பட்டிருந்தது, ஆனால் இயக்கப்பட்டிருக்கவில்லை. அண்மைப் பகுதியிலேயே பறக்கும் எண்ணத்துடன், மின்கலத்தின் வலுவை வானொலித் தொடர்புக்கெனச் சேமிப்பதற்காக அது நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. அவ்வுயரத்தில் ஏனைய விமானங்களுக்கு அக்கருவி கட்டாயமாயினும், கிளைடர்களுக்கு விதிவிலக்கு இருந்தது. எனவே சட்டம் எதுவும் மீறப்படவில்லை. கருவி பயன்படுத்தப்படாமையும், இரு வானூர்திகளும் நெருங்கிய வேகம் ஒருவரையொருவர் காணும் வாய்ப்பைக் குறுக்கியமையுமே காரணங்கள் எனத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை முடிவுகூறியது.

சட்டமீறல் இல்லாத இடத்தில் ஒழுக்கப் பொறுப்பு எங்கே தங்குகின்றது? அரிஸ்டோட்டில் தமது ஒழுக்கவியல் நூலின் மூன்றாம் பகுதியில், அறியாமையால் நேரும் செயலுக்கும், தானே வருவித்துக்கொண்ட அறியாமையில் நிகழும் செயலுக்கும் வேறுபாடு காட்டுகின்றார். தவிர்த்திருக்கக்கூடிய அறியாமை முழுமையான மன்னிப்பைத் தராது என்பது அவர் கருத்து. இங்கே சிக்கல் மேலுமொரு படி செல்கின்றது. ஜெட் விமானியின் அறியாமை அவராலே தவிர்க்கக்கூடியதாயிருக்கவில்லை. அதனைத் தவிர்க்கும் வழி மற்றவரின் கையில் இருந்தது. ஒருவரின் அறியாமைக்கு மற்றொருவர் பொறுப்பாதல் கூடும் என்பதே இந்நிகழ்ச்சி உணர்த்தும் புதிய செய்தி. அதே வேளை, கிளைடர் விமானியின் முடிவும் அவர் நின்ற நிலையிலிருந்து நோக்கின் அறிவுக்குப் பொருந்தாததன்று. வானொலித் தொடர்பும் ஒரு பாதுகாப்பே. நியாயமான சிறு முடிவுகள் பலவற்றின் கூட்டு விளைவு ஒரு பேரிடராக முடிந்தது.

கருவியைக் கட்டாயமாக்குதலே தீர்வென 2008இல் அச்சபை கருதி, கிளைடர்களுக்கான விதிவிலக்கை நீக்குமாறு விமான நிருவாகத்திற்குப் பரிந்துரைத்தது. நிருவாகமோ 2015இலேயே இது பற்றிப் பொதுமக்களின் கருத்தைக் கோரியது. இத்தயக்கத்திற்கு நியாயங்கள் இல்லாமலில்லை. கிளைடரில் மின்னாக்கும் இயந்திரம் இல்லை, மின்கலம் எடையுடையது, கருவி விலைமிக்கது. ஆகாயத்தை நெருக்கடியாக்கியவை விரைவு விமானங்களே. அவை உண்டாக்கிய ஆபத்துக்கான விலையை எளிய கழகங்களிற் பறக்கும் மாணவரும் பொழுதுபோக்குவோரும் ஏன் செலுத்த வேண்டும்? இவ்வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. வலியவன் உண்டாக்கும் ஆபத்திலிருந்து தன்னைக் காக்கும் செலவை மெலியவன்மீதே சுமத்துவது, வழிவிடும் விதியின் ஒழுக்க அழகைக் குலைத்துவிடும்.

இன்னோர் அச்சமும் ஈண்டு கருதற்பாலது. விமானத்திலுள்ள மோதல் தவிர்ப்புக் கருவி, மறுமொழி கூறும் கருவியுடைய விமானங்களையே அறியும். கருவியற்றது அதற்கு இல்லாததே. கருவியில் நம்பிக்கை பெருகப் பெருக, வெளியே நோக்கும் பழக்கம் குறையக்கூடும். அந்நிலையில் கருவியற்றவன் இருமுறை மறைகின்றான்: முதலில் இயந்திரத்திற்கு, பின்னர் இயந்திரத்தை நம்பிய மனிதனுக்கு.

ஆயினும் சுதந்திரத்தின் பெயரால் முன்வைக்கப்படும் வாதம் ஓரிடத்தில் நின்றுவிடுகின்றது. தனக்கு மட்டும் தீங்கு தரக்கூடியதைத் தெரிவு செய்யும் சுதந்திரத்தையும் பிறருக்குத் தீங்கு தரக்கூடிய செயலையும் ஜோன் ஸ்ருவட் மில் 1859இல் வேறுபடுத்தினார். கிளைடர் விமானி பொதுவாகப் பரசூட் அணிந்திருப்பார். பயணிகள் விமானத்தில் இருப்போருக்கு அது இல்லை. 2009 யூன் 14ஆந் திகதி இங்கிலாந்தின் ஒக்ஸ்போட்சயர் பகுதியில் விமானப்படைப் பயிற்சி விமானம் ஒன்றும் கிளைடர் ஒன்றும் மோதின. கிளைடர் விமானி பரசூட்டினால் தப்பினார். பயிற்சி விமானத்தின் விமானியும் உடன்சென்ற பயிலிளைஞர் ஒருவரும் மாண்டனர். உரிய வேளையில் எவரும் எவரையும் காணவில்லை. அங்கே எவர்மீதும் பழிகூறுதல் நோக்கமன்று. வானில் ஒருவர் ஏற்கும் ஆபத்து அவரோடு நின்றுவிடுவதில்லை என்பதும், அதன் முழுச் சுமையை ஏற்பவர் அதனைத் தெரிவு செய்யாதவராக இருத்தல் கூடும் என்பதுமே அங்கு நோக்கத்தக்கன.

ஆகவே உரிமை என்பதன் பொருளே மறுபடி நோக்கப்படல் வேண்டும். நிலம்போல், பொன்போல் ஒருவன் தன் கையில் வைத்திருக்கும் உடைமையாக வழியுரிமையைக் கருதுவோர், அதனைக் காக்கும் வேலை முழுவதும் பிறருடையது என எண்ணுவர். உண்மையில் அது இருவரிடையேயான ஓர் உறவு. கேட்பவன் கேட்கும்படி பேசாதவரை வாக்குறுதி நிறைவேறாதது போல, மதிப்பவன் மதிக்கக்கூடிய நிலை உண்டாகாதவரை உரிமையும் நிறைவேறுவதில்லை. விதியும் இதனைக் குறிப்பாக ஏற்றுக்கொண்டுள்ளது. வழியுரிமை உடைய விமானம் தன் போக்கையும் வேகத்தையும் காத்தல் வேண்டும் எனக் கூறும் அவ்விதியே, அவ்வுரிமை எந்த விமானியையும் மோதலைத் தவிர்க்கும் பொறுப்பிலிருந்து விடுவிக்காது என்றும் கூறுகின்றது. தன்னாலியன்றவரை தன்னைப் புலப்படுத்துதல் அப்பொறுப்பின் ஓர் அங்கமாகும். பொச்சாவாமை என ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர், மகிழ்ச்சி மிகுதியால் வருஞ் சோர்வை அளவுகடந்த சினத்தினுந் தீயதாகக் கருதினார். இரைச்சலற்ற வானில் காற்றோடு காற்றாய் மிதக்கும் இன்பத்திலும் அச்சோர்வுக்கு இடமுண்டு.

இக்கடமையை மெலியவர்கள் தாமாகவே ஏற்றமைக்கும் எடுத்துக்காட்டு உண்டு. சுவிற்சர்லாந்தில் கிளைடர் விமானிகளே முன்னின்று உருவாக்கி 2004இல் வெளிவந்த பிளாம் என்னும் சிறு கருவி, குறைந்த மின்வலுவில் இயங்கி, அதே கருவியுடைய அயல் வானூர்திகளின் நெருக்கத்தை எச்சரிக்கின்றது. எங்கே நோக்குவது என முன்னறிவிக்கப்பட்ட கண், முன்னறிவிப்பற்ற கண்ணினும் எட்டு மடங்கு பயனுடன் தேடும் என்பது முற்கூறிய அவுஸ்திரேலிய அறிக்கையில் இடம்பெற்ற செய்தி. கருவி கண்ணின் இடத்தைப் பறிக்காது கண்ணுக்கு வழிகாட்டுமாயின், முன்னர்க் கூறிய அச்சம் பெரிதும் தணியும்.

ஆனால் இம்முடிவுக்கு ஓர் எல்லை வகுத்தல் இன்றியமையாதது. மெலியவன் தன்னைக் காட்டிக்கொள்ளல் வேண்டும் என்னுங் கருத்து, வலியவனின் கையில் சாட்டாக மாறுதல் எளிது. இருட்டில் வெள்ளுடை அணியாத பாதசாரிமீது வாகனத்தை ஏற்றியவன், அவன் தெரியவில்லை என்று கூறித் தப்ப முயல்வதை எவரும் அறிவர். காணப்படுதற்கான கடமை, காண்பதற்கான கடமையைக் குறைப்பதன்று. வழிவிடும் கடமையை இடம்மாற்றுவதுமன்று. அது ஆற்றலின் அளவினது. கருவி இருந்தும் இயக்காதவனின் பொறுப்பு ஒன்று. கருவி வாங்க இயலாதவனின் பொறுப்பு வேறு. இயலாதவனுக்கு அதனை இயலச் செய்யும் பொறுப்பு, ஆகாயத்தால் மிகுந்த பயன்பெறும் நிறுவனங்களுக்கும் விதிசெய்யும் அரசுகளுக்கும் உரியது. ஆற்றல் மிகுந்தவன் மிகுதியாகப் பொறுப்பேற்க வேண்டும் என்னும் பழைய விதியை வழியில் மட்டுமன்றிச் செலவிலும் கைக்கொள்வதே இது.

நெவாடா வானில் அன்று இரு விமானிகளும் மற்றவரைக் கண்டது இறுதிக் கணங்களிலேயே. அக்கணங்களில் எவருக்கு வழியுரிமை என்னும் வினாவுக்கு விதிநூலில் ஐயத்திற்கிடமற்ற விடை இருந்தது. அவ்விடையைப் பயன்படுத்துவதற்கு வேண்டிய செக்கன்களே இருக்கவில்லை. அச்செக்கன்களை முன்கூட்டியே ஒருவருக்கொருவர் வழங்கிக்கொள்வது எவ்வாறு என்பதே, வானை மட்டுமன்றி வீதியையும் கடலையும் பகிர்ந்துகொள்வோர் யாவரும் சிந்திக்க வேண்டிய வினாவாகும்.