முற்றலும் கனிதலும்

டுரியான் தன் காலத்தைத் தானே அறிந்து விழுகின்றது. இரவில் அது விழும் ஓசைக்குச் செவிசாய்த்துக் காத்திருப்பது நம் நாட்டவர்க்குப் பழகிய ஒன்று. மாவும் பலாவும் மணத்தால் நம்மை அழைக்கின்றன. அவகாடோ எனப்படும் வெண்ணெய்ப்பழமோ மரத்தில் கனிவதே இல்லை. எத்தனை திங்கள் தொங்கினும் அது கல்லாகவே இருக்கும். பறித்து வீட்டினுள் வைத்த பின்னரே சில நாள்களில் நெகிழும். 'போதும்' என்று சொல்லும் பொறுப்பு மனிதனுடையதாகின்றது.

முற்றுதல் வேறு, கனிதல் வேறு என்பதைத் தமிழ் நன்கறியும். மரத்தில் நிகழ்வது முற்றுதல். அப்போதுதான் சதையில் எண்ணெய்ச் சத்து ஏறுகின்றது. அதற்கு முன் பறித்த காய் சுருங்கி, ரப்பர்போல் இழுபடும். வெம்பியது என்கிறோமே, அதுதான். கலிபோர்னியாவில் 1925ஆம் ஆண்டுச் சட்டம் 8 விழுக்காடு எண்ணெய் வேண்டுமென்றது. பின்னர் நீர் நீங்கிய எடையே அளவுகோலாயிற்று. எந்த அளவுகோலாயினும் வழக்கமாகக் காயை அறுத்தே பார்க்கின்றனர். என் வீட்டு மரத்திலும் அதே கதைதான். பருத்த காய் ஒன்றைப் பறித்து வைப்பேன். சுருங்காமல் சீராக நெகிழ்ந்தால், அதே பருமனுள்ள மற்றவற்றையும் பறிக்கலாம். அறுத்துப் பார்க்கையில் விதையின் தோல் மெலிந்து பழுப்பேறியிருந்தால் முற்றிவிட்டது; வெளுத்துத் தடித்திருந்தால் இல்லை. ஒன்றை இழந்தே ஏனையவற்றை அறிகின்றோம்.

காய்க்கு இது தகும். மாணவனுக்குத் தகுமா?

பல ஆண்டுகளுக்கு முன், ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவனைப் பேச்சுப் போட்டிக்கு அனுப்பினேன். கணீரென்ற குரல். அந்தக் குரலையே முதிர்ச்சி என்று கொண்டேன். மேடையில் பாதியில் சொல் மறந்து நின்றான். அதன்பின் வகுப்பில் அவன் கை உயர்த்தவே இல்லை. மறு ஆண்டு ஒரு மாணவியைப் பொறுத்திருந்து அனுப்பினேன், வென்றாள். பலரும் என்னைப் பாராட்டினர். பொறுக்க வேண்டும் என்னும் அறிவை எனக்குத் தந்தவன் முதலில் சென்றவனல்லவா? அவனுக்கு எவரும் பரிசு தரவில்லை.

அப்படியாயின் காத்துக்கொண்டே இருந்துவிடலாமே என்பர் சிலர். அதுவும் குற்றமற்றதன்று. அளவுக்கு மிஞ்சி மரத்தில் விட்ட காயினுள் விதை முளைவிடத் தொடங்கும். சதை சுவை கெடும். அடுத்த பருவத்துக் காய்ப்பும் குறையும். அனுப்பாமலே வைத்திருந்து நான் கெடுத்த பிள்ளைகளும் இருக்கக்கூடும். அவர்களுடைய இழப்பு மேடையில் தெரிவதில்லை, அவ்வளவே.

ஆயினும் காயிடம் கேட்க இயலாது, பிள்ளையிடம் கேட்கலாம். அந்தப் பயிற்சி நாள்களில் இருமுறை அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தது இன்றும் நினைவில் நிற்கின்றது. நேரமாகிறது என்று சொல்லி, அடுத்த பத்தியைத் தொடங்கச் சொன்னேன்.