கழற்ற வரும் போல்ட்

ஓசூர் ஆலையிலிருந்து நாமக்கல்லுக்கு லாரிகள் வெறும் சேசிஸாக வந்த காலத்தை இந்தப் பக்கத்தில் வளர்ந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மேலே கூரை கிடையாது, பக்கத்தில் கதவு கிடையாது. டிரைவர் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, எதிர்க்காற்றில் கண்ணைச் சுருக்கியபடி கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் தாண்டி ஓட்டி வருவார். நாமக்கல் பட்டறையில்தான் பாடி கட்டுவார்கள். சின்ன வயதில் அப்படி ஒரு பட்டறையில் நின்று பார்த்திருக்கிறேன். அத்தனை டன் பாரம் தாங்கப்போகிற பாடியைச் சேசிஸோடு பற்ற வைக்காமல், யூ போல்ட் போட்டு முறுக்கிக்கொண்டிருந்தார்கள். ஏன் என்று கேட்டேன். "நாளைக்குக் கழட்டணுமில்ல கண்ணு" என்றார் மேஸ்திரி.

இணையதளம் அமைத்துக் கொடுப்பது என் பிழைப்பு. எந்த சி.எம்.எஸ். (உள்ளடக்க மேலாண்மை மென்பொருள்) போடலாம் என்று யாராவது கேட்டால் எனக்கு அந்த மேஸ்திரிதான் நினைவுக்கு வருகிறார். சி.எம்.எஸ். என்பதே கழற்றி மாட்டுகிற ஏற்பாடுதான். முன்பெல்லாம் எழுத்தும் அதன் நிறமும் கட்டமும் ஒரே கோப்பில் பின்னிக் கிடக்கும். விலையில் ஒரு பைசா மாற்ற வேண்டுமானாலும் தளம் செய்தவரைக் கூப்பிட வேண்டும். சி.எம்.எஸ். வந்தபிறகு எழுத்து தரவுத்தளத்தில் தனியாக இருக்கிறது, தோற்றம் தீமில் தனியாக இருக்கிறது. கணக்குப் பார்ப்பவரே உள்ளே போய் மாற்றிவிடலாம்.

மாற்றலாம் என்றுதான் நானும் நம்பிக்கொண்டிருந்தேன். நாமக்கல்லில் ஒரு முட்டை வியாபாரிக்குத் தளம் செய்தேன். 1982-இல் தொடங்கிய தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு அறிவிக்கிற நாமக்கல் மண்டல விலையை ஒட்டித்தான் இங்கே பண்ணையும் வண்டியும் கடையும் ஓடுகின்றன. அந்த வியாபாரியின் தளத்துக்கு வருகிறவர்களுக்கும் வேண்டியது அந்த ஒரு வரிதான். நான் அதற்கு ட்ரூபல் என்ற சி.எம்.எஸ். போட்டேன். ட்ரூபல் மேல் எனக்குக் குறையே இல்லை. பல துறை, பல அடுக்கு அனுமதி என்று இயங்கும் பெரிய நிறுவனத்துக்கு அதைவிடப் பொருத்தமானது குறைவு. ஆனால் நான் அதைப் போட்டது எனக்கு அது நன்றாகத் தெரியும் என்பதற்காக. தினமும் விலையை ஏற்றப்போகிற அலுவலக அக்காவை ஒரு முறைகூடத் திரையின் முன் உட்கார வைத்துப் பார்க்கவில்லை.

பிறகு ஒரு நாள் அந்தப் பக்கம் போனபோது அவர் பணிவாகக் கேட்டார்: "ஏனுங்க, இதுல வெலைய எங்க போயி மாத்தறதுங்க?" முகப்பில் நான் சோதனைக்காகப் போட்ட விலையே இன்னும் நின்றது. பல மாதம். அத்தனை நாளும் அந்த அக்கா விலையைத் துண்டுச் சீட்டில் எழுதிப் படம் எடுத்து, வாட்ஸ்அப்பில் ஒவ்வொருவருக்காக அனுப்பிக்கொண்டிருந்தார். கிளிப் போட்டு வைத்திருந்த அந்தச் சீட்டுக் கட்டைக் காட்டினார். எனக்குப் பேச்சு வரவில்லை. தளம் அந்தக் கட்டுதான். நான் செய்தது வெறும் பலகை.

வேர்ட்பிரஸுக்கு மாற்றினேன். கைபேசியிலேயே திறந்து, தமிழில் தட்டி, வெளியிடு என்று அழுத்தினால் தீர்ந்தது. அவருக்கு ஒரு மதியம் போதுமாக இருந்தது.

வேர்ட்பிரஸ் பிறந்த கதையை அந்த மேஸ்திரி கேட்டிருந்தால் தலையாட்டியிருப்பார். பி2 என்றொரு மென்பொருளைச் செய்துவந்தவர் ஒரு கட்டத்தில் அதைக் கவனிக்காமல் ஒதுங்கிப்போனார். அதை நம்பி எழுதிக்கொண்டிருந்த மேட் மல்லன்வெக் அப்போது 19 வயது மாணவர். மூல நிரல் ஜிபிஎல் உரிமத்தில் இருந்ததால், யாரிடமும் கையேந்தாமல் அதை எடுத்துத் தொடர முடிந்தது. இங்கிலாந்திலிருந்து மைக் லிட்டில் கைகொடுக்க, 2003 மே 27 அன்று வேர்ட்பிரஸ் வெளிவந்தது. ஜூம்லா என்ற இன்னொரு சி.எம்.எஸ். பிறந்ததும் அப்படித்தான். 2005-இல் மாம்போ என்ற மென்பொருளின் உரிமை யாருக்கு என்று பூசல் வந்தபோது, அதை எழுதியவர்கள் நிரலோடு வெளியேறி வேறு பெயர் வைத்துக்கொண்டார்கள். போல்ட் இருந்தது, கழற்றினார்கள். சேலம், நாமக்கல் மாவட்ட நிர்வாகத் தளங்கள் இன்று ஓடுகிற, தேசிய தகவலியல் மையத்தின் எஸ்3வாஸ் மேடையும் உள்ளே வேர்ட்பிரஸைக் கொண்டதுதான். ஒதுங்கிப்போன ஒருவரின் நிரல் ஆட்சியர் அலுவலக அறிவிப்பு வரை வந்து நிற்பது அந்த உரிமத்தால்தான்.

இதனால் வேர்ட்பிரஸ் போட்டவுடன் கவலை தீர்ந்தது என்று ஆகிவிடாது. அதிலும் வெல்டிங் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு பள்ளித் தளம் என்னிடம் வந்தது. பக்க வடிவமைப்புக்கென்று வாங்கிய செருகுநிரலின் சந்தா முடிந்திருந்தது. அதை நிறுத்திப் பார்த்தேன். தலைமையாசிரியரின் ஆண்டு விழா உரையில் ஒவ்வொரு பத்திக்கும் முன்னும் பின்னும் சதுர அடைப்புக்குள் புரியாத குறிகள் முளைத்து நின்றன. எழுத்து அவருடையது, ஆனால் அந்தச் செருகுநிரல் இல்லாமல் அது பக்கமாக நிற்காது. நானும் இன்னொருவருமாக இரண்டு நாள் உட்கார்ந்து குறிகளைப் பொறுக்கினோம். அந்தத் தளத்தின் பெயர்கூடப் பள்ளியின் பெயரில் பதிவாகவில்லை, முன்பு செய்து கொடுத்தவர் பெயரில் இருந்தது.

இந்த வலி தமிழுக்குப் பழையது. யூனிகோடு பரவும் முன் ஒவ்வொரு தளமும் தனித்தனி எழுத்துருவில் எழுதியது. 1999-இல் டாம், டாப் என்ற குறியாக்கங்களைத் தரமாக்கித் தமிழக அரசு ஒழுங்கு செய்து பார்த்தது. 2010-இல்தான் யூனிகோடு அரசின் தரமாயிற்று. அதற்குள் எவ்வளவோ பேர் மனதைக் கொட்டி எழுதிய பக்கங்கள், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அரைப்புள்ளியும் அந்நிய எழுத்தும் கலந்த கலவையாகிவிட்டன. எழுதியவர்கள் உயிரோடு இருக்கும்போதே எழுத்து ஊமையானது.

ஆகவே இப்போது தேர்வுக்கு உட்காரும்போது, எத்தனை தீம், எவ்வளவு அழகு என்ற பேச்சைத் தள்ளி வைத்துவிடுகிறேன். தினமும் எழுதப்போகிற கையை முதலில் கூப்பிடச் சொல்கிறேன். அந்தக் கை ஒரு பதிவைப் போட்டு முடித்ததும், போட்டதை அப்படியே வெளியே எடுத்துக் காட்டச் சொல்கிறேன். உள்ளே வைக்க விட்டு வெளியே எடுக்க விடாத இடம் எவ்வளவு பளபளத்தாலும் அது அடகுக்கடை. பிரிந்து போகவும் விட்டு, அப்படி விட்டபிறகும் விரும்பித் தங்கும்படி இருக்கிற கருவிதான் நம் சொல்லை நம் சொல்லாக மதிக்கிறது.

நாமக்கல் அக்காவுக்கு ஏற்றுமதிப் பொத்தானைக் காட்டிக் கொடுத்தேன். எழுத்து மட்டும் அந்தக் கோப்பில் வரும், படங்களைத் தனியே நகலெடுக்க வேண்டும் என்றும் சொன்னேன். மாதம் பிறந்தால் இரண்டையும் ஒரு பென்டிரைவில் எடுத்து, காகித உறையில் போட்டுத் தேதி எழுதுகிறார். வண்டிகளின் ஆர்.சி. புக் இருக்கிற பீரோவில் அந்த உறையும் இருக்கிறது. சாவி அவர் இடுப்பில்.