பறவைத் தோலும் பெயர்ச் சீட்டும்

தமிழில் 'பாடம்' என்ற சொல் பல வேலை செய்கிறது. ஆசிரியர் சொல்லித் தருவது பாடம். மாணவன் மனனம் செய்வது பாடமாக்குதல். இறந்த விலங்கின் தோலை உரித்து, கெடாமல் பக்குவப்படுத்தி, உயிருள்ளது போல நிறுத்திவைப்பது பாடம் செய்தல். மூன்றும் அழியக்கூடிய ஒன்றை அழியாமல் வைத்திருக்கும் முயற்சிகளே.

வட்டுக்கோட்டையிலிருந்து கண்டிக்குச் சுற்றுலா போகும் எங்கள் பாடசாலைப் பிள்ளைகள், 1988இல் இறந்து பாடம் செய்யப்பட்ட ராஜா யானையைத் தலதா மாளிகை வளவில் பார்த்துவிட்டு வருகிறார்கள். யானையின் பெயரை எல்லோரும் சொல்வார்கள். அதைப் பாடம் செய்த கைகள் யாருடையவை, அந்தக் கைகளை யார் பழக்கினார்கள் என்று எந்தப் பிள்ளையும் கேட்டதில்லை. பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. நாமும் கேட்பதில்லை. கைவேலை ஒன்றைக் கற்றுத் தந்தவருக்குக் கூலியைக் கொடுத்துவிட்டால் கற்றவனின் கடன் தீர்ந்துவிடுமா? இக்கேள்வியை இந்தக் கலையின் வரலாற்றிலிருந்தே எடுத்துப் பேசலாம்.

1825இல் மருத்துவம் படிக்க எடின்பரோ நகருக்கு வந்தார் சார்ள்ஸ் டார்வின். சத்திரசிகிச்சை அவருக்கு ஒத்துவரவில்லை. 1826 ஜனவரியில் பதினாறு வயது இளைஞராக அவர் தம் சகோதரிக்கு எழுதிய கடிதத்தில், கறுப்பினத்தவர் ஒருவரிடம் பறவைகளைப் பாடம் செய்யப் பழகப்போவதாகக் கூறுகிறார். இரண்டு மாதம், நாளும் ஒரு மணித்தியாலம், கட்டணம் ஒரு கினி. அந்த ஆசானின் பெயர் ஜோன் எட்மன்ஸ்டன். இன்றைய கயானாவில் உள்ள டெமராராப் பகுதித் தோட்டமொன்றில் அடிமையாக இருந்தவர். எசமானின் நண்பரான சார்ள்ஸ் வோட்டர்டன் என்ற இயற்கை ஆய்வாளர் காட்டில் பறவை சேகரித்தபோது இவருக்குத் தோலுரிக்கப் பழக்கினார். 1817இல் எசமானோடு ஸ்கொட்லாந்து வந்து சுதந்திர மனிதராகி, நூதனசாலை வேலை செய்தும் மாணவருக்குக் கற்பித்தும் பிழைத்தார்.

இது புத்தகத்தால் வரும் வித்தையல்ல. நெஞ்சுப் பகுதியில் கீறி, இறகு நனையாமலும் தோல் கிழியாமலும் உடலைப் பிரித்தெடுக்க வேண்டும். கால்களையும் இறக்கைகளையும் மூட்டில் வெட்டிவிட வேண்டும். மண்டையோட்டிலிருந்து மூளையையும் கண்களையும் அகற்ற வேண்டும். கொழுப்பைச் சுரண்டி, பூச்சி அரிக்காதிருக்க நஞ்சு ஊட்டி, பஞ்சு வைத்துத் தைக்க வேண்டும். கத்தியை எவ்வளவு அழுத்துவது என்பதை வாயால் சொல்ல முடியாது. ஆசானின் கையைப் பார்த்து, ஆசான் தன் கையைப் பார்க்கத்தான் கற்கலாம்.

வோட்டர்டன் 1825இல் வெளியிட்ட பயண நூலில் இந்த மாணவனைப் பற்றி ஓர் ஆசிரியர் அறிக்கை உண்டு. ஜோன் திறமை குறைந்தவன், அவன் தலையில் எதையும் ஏற்றப் பெரும் பொறுமை வேண்டியிருந்தது என்பது அதன் சாரம். டார்வின் தம் சுயசரிதையில் எழுதியதோ வேறு: இனிமையானவர், அறிவாளி, அடிக்கடி போய் அவரோடு இருந்தேன் என்கிறார். இருபது வருடமாக அறிக்கைப் புத்தகம் எழுதி வருபவன் என்ற முறையில், இந்த இரண்டு அறிக்கைகளையும் அருகருகே வைத்துப் பார்க்க எனக்கு அச்சமாக இருக்கிறது. அடிமையாகக் கண்டவருக்கு மந்தமாகத் தெரிந்தவர், ஆசானாகக் கண்டவருக்கு அறிவாளியாகத் தெரிந்தார்.

ஆனால் டார்வின் பெயரைச் சொல்லவில்லை. சுயசரிதையில் அவர் 'ஒரு நீக்ரோ'. 1871இல் வந்த மனிதனின் தோற்றம் பற்றிய நூலில், எல்லா இன மனிதரின் மனமும் ஒத்தது என்று காட்டும் இடத்தில், தாம் ஒருகாலத்தில் நெருங்கிப் பழகிய கறுப்பின மனிதர் ஒருவரைச் சாட்சியாக அழைக்கிறார். அங்கும் பெயர் இல்லை. 1970களின் இறுதியில்தான் ஆராய்ச்சியாளர் ஆர். பி. ஃபிரீமன் அந்த மனிதர் ஜோன் எட்மன்ஸ்டன் என்று தேடிச் சொன்னார். 'எட்மன்ஸ்டன்' என்பதும் எசமானின் குடும்பப் பெயரே.

டார்வினின் கோட்பாட்டை முஸ்லிம்கள் எப்படி நோக்குவது என்பதும், பாடம் செய்தல் உருவம் செய்தலில் அடங்குமா என்பதும் வேறு கட்டுரைகளுக்கு உரியவை. அவரைக் கெட்டவராகக் காட்டுவதும் என் நோக்கமல்ல. அடிமை முறையை வெறுத்தவர் அவர். அதன் பொருட்டு பீகிள் கப்பலில் தலைவர் ஃபிட்ஸ்ரோயுடன் சண்டையிட்டவர். சுயசரிதை எழுதத் தொடங்கிய 1876இல், ஐம்பது வருடத்துக்கு முந்திய பெயர் நினைவில் இல்லாமலும் போயிருக்கலாம். நல்ல மனிதர், கூலி கொடுத்தார், புகழ்ந்தும் எழுதினார். இதற்குமேல் என்ன வேண்டும் என்று கேட்பது நியாயமே.

இதற்கு விடை டார்வினின் பறவைப் பெட்டியிலேயே இருக்கிறது. 1835இல் கலபகோஸ் தீவுகளில் அவர் சிறு குருவிகளைச் சேகரித்தார். எடின்பரோவில் பழகிய கை இங்கே உதவியது. ஆனால் பெரும்பாலான குருவிகளை எந்தத் தீவில் பிடித்தார் என்று சீட்டில் குறிக்கவில்லை. 1837 ஜனவரியில் லண்டனில் ஜோன் கூல்ட் என்ற பறவையியலாளர் அவற்றைப் பரிசோதித்து, இவை ஒரே குழுவைச் சேர்ந்த வெவ்வேறு இனங்கள் என்று அறிவித்தபோதுதான் தீவின் பெயர் எவ்வளவு முக்கியம் என்பது விளங்கியது. டார்வின் மற்றவர்களின் சேகரிப்புகளைத் தேடிப் போக நேர்ந்தது. அவற்றில் ஒன்று அவருடைய பணியாளர் சிம்ஸ் கவிங்டனுடையது. அதில் இடம் குறிக்கப்பட்டிருந்தது. அந்தப் பணியாளருக்குச் சுடவும் தோலுரிக்கவும் பழக்கியவர் டார்வினேதான்.

பறவைத் தோல் எவ்வளவு அழகாகப் பாடம் செய்யப்பட்டிருந்தாலும், காலில் கட்டிய சீட்டு இல்லையென்றால் அறிவியலுக்கு அது பாதிப் பொருள்தான். எங்கிருந்து வந்தது என்பது பொருளுக்கு வெளியே இருக்கும் உபசாரமல்ல, பொருளின் ஒரு பகுதி. அறிவும் அப்படித்தான் என்பது என் வாதம்.

இது நமக்குப் புதிய பேச்சல்ல. ஹதீஸ் கலையில் செய்தியை மட்டும் சொன்னால் போதாது. யாரிடம் கேட்டீர், அவர் யாரிடம் கேட்டார் என்ற இஸ்னாதும் வேண்டும். அப்துல்லாஹ் இப்னுல் முபாரக் (ரஹ்) இஸ்னாதை மார்க்கத்தின் பகுதியாகவே கருதினார். ஹதீஸ் அறிஞர்கள் 'பொற்சங்கிலி' என்று போற்றும் வரிசை இமாம் மாலிக், நாபிஃ, இப்னு உமர் என்பதாகும். நடுவில் நிற்கும் நாபிஃ, இப்னு உமர் (ரலி) அவர்களால் விடுதலை செய்யப்பட்ட அடிமை. அவர் பெயரை எடுத்துவிட்டால் சங்கிலி அறுந்துவிடும். முஸ்லிம் சமுதாயங்களிலும் அடிமை முறை நீண்டகாலம் இருந்தது என்பதை மறைத்துவிட்டு இதில் பெருமை பேசக்கூடாது. என்றாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நாபிஃ அவர்களின் பெயர் நிலைத்தது இமாம் மாலிக்கின் நல்ல மனதாலோ நல்ல ஞாபகத்தாலோ மட்டுமல்ல. பெயர் சொல்லாத செய்தி ஏற்கப்படாது என்ற விதி இருந்தது. நன்றியைத் தனிமனிதரின் குணத்திடம் விட்டுவைக்காமல் அறிவின் இலக்கணமாக்கியதே அந்த மரபின் பெருமை. எடின்பரோவில் அந்த விதி இருக்கவில்லை.

நம்மிடமும் அது கிதாபோடு நின்றுவிட்டது. கைவேலைக்கு நாம் இஸ்னாத் வைக்கவில்லை. வட்டுக்கோட்டையில் 1823இல் தொடங்கிய செமினறியைப் பற்றிப் பிள்ளைகள் அறிவார்கள். அங்கு படித்த சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறல் விசுவநாதபிள்ளையும் 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் ஆனதையும் பரீட்சைக்கு எழுதுவார்கள். தம் வீட்டில் கடகம் இழைக்கும் கை எங்கே பழகியது என்று கேட்டால் பதில் இல்லை.

செயன்முறைக் குறிப்பேட்டில் 'யாரிடம் கற்றேன்' என்றொரு நிரலைச் சேர்த்து எழுதச் சொன்னேன். 'அம்மம்மா', 'பக்கத்து வீட்டு ஆச்சி' என்று எழுதி வந்தார்கள். ஆச்சிக்குப் பெயர் இல்லையா என்று திருப்பி அனுப்பினேன். மறுநாள் பெயரோடு வந்தார்கள். சிலர் ஆச்சிக்குப் பழக்கியவரின் பெயரையும் கேட்டு வந்தார்கள்.

ஒரு பிள்ளையின் தாத்தா தையற்காரர். அவரே என்னிடம் வந்தார்.

"நான் சோனகத் தெருவில ஒரு காக்காவிட்டத்தான் பழகினனான், மாஸ்ரர். வெட்டுறதை ஒருத்தருக்கும் காட்டமாட்டினம். அவர் எனக்குக் காட்டினவர். காக்கா எண்டுதான் எல்லாரும் கூப்பிட்டது. பேர் கேக்க வேணுமெண்டு அப்ப தோன்றேல்லை."

1990 ஒக்ரோபரில் வடமாகாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது அந்தக் காக்காவும் போனார். அவர் தெருவும் கடையும் இழந்த கதையை நாம் பலமுறை எழுதியிருக்கிறோம். அவர் பழக்கிய வெட்டு இன்றும் வட்டுக்கோட்டைப் பிள்ளைகளின் சட்டையில் இருக்கிறது என்பதை யாரும் எழுதவில்லை. அதை எழுத ஒரு பெயர் வேண்டும். பெயர் இருந்திருந்தால், இந்த ஊர் அவருக்குக் கடன்பட்டது என்பதற்கு அதுவே சாட்சியாக இருந்திருக்கும். வெளியேற்றப்பட்டவரின் வீட்டுக்கு உறுதி தேடுகிறோம், அது அவசியம். அவர் விட்டுச்சென்ற வித்தைக்கும் உறுதி தேட வேண்டாமா?

கூலி என்பது நேரத்துக்கும் உழைப்புக்கும் உரியது. அது அன்றே தீர்ந்துவிடும். கற்ற வித்தையோ கற்றவனிடம் அமானிதமாகத் தங்கிவிடுகிறது. அமானிதத்தின் ஒரு பங்கு அது யாரிடமிருந்து வந்தது என்று அடுத்தவருக்குச் சொல்வது. வாசகர் தம் கை அறிந்த ஒரு வேலையை எண்ணிப் பார்க்கட்டும். அதைப் பழக்கியவரின் பெயர் தெரிந்தால் பிள்ளைகளிடம் சொல்லட்டும். தெரியாவிட்டால், தெரிந்தவர் உயிரோடு இருக்கும்போதே போய்க் கேட்கட்டும்.