அர்ச்சகர் வாழ்வும் அடியார் கடமையும்

பரம், வியூகம், விபவம், அந்தர்யாமித்துவம் என்னும் நான்கு நிலைகளிலும் எம்பெருமான் எவருக்கும் கட்டுப்படாத சுதந்திரன். ஐந்தாம் நிலையாகிய அர்ச்சாவதாரத்திலோ, திருமஞ்சனத்திற்கும் அமுதுக்கும் திருப்பள்ளியறை செல்வதற்கும்கூட ஒரு மனிதரின் கையை எதிர்பார்த்து நிற்கிறான். பூர்வாசாரியர்கள் இதனை ‘அர்ச்சக பராதீனம்’ என்று சொல்லி, அவனது எளிமைக்கு எல்லை இதுவே என்று உருகினர். அங்ஙனமாயின், அந்த அர்ச்சகர் யாருக்குப் பராதீனர்? திருவிழாக் காலத்தில் சந்நிதிதோறும் கைகூப்பி நிற்கும் அன்பர்கள் சிந்திக்க வேண்டிய கேள்வி இது.

முன்னோர் இதற்கு விடை கண்டிருந்தனர். புதுக்கோட்டை மாவட்டத்தில், திருமங்கையாழ்வார் மங்களாசாஸனம் செய்த திருமெய்யத்தில், எம்பெருமான் நின்ற திருக்கோலத்திலும் கிடந்த திருக்கோலத்திலும் சேவை சாதிக்கிறான். அதே குன்றின் சரிவில் சிவபெருமானுக்கும் குடைவரைக் கோயில் உண்டு. இரு கோயிலாருக்கும் நெடுநாள் நீடித்த வழக்கை, கி.பி. 1245இல் ஹொய்சள தண்டநாயகன் அப்பண்ணன் முன்னின்று தீர்த்த செய்தி கல்வெட்டாய் நிற்கிறது. அத்தீர்ப்பில் வருவாயும் இரு கோயில்களுக்கும் பகுத்து அளிக்கப்பட்டது. பக்தி மட்டும் இருந்தால் வழிபாடு தானே நடந்துவிடும் என்று அக்காலத்தார் எண்ணவில்லை. நெல்லும் நிலமும் உறுதிப்பட்டாலன்றித் திருவாராதனம் தடையின்றி நடவாது என்பதை அறிந்தே கல்லில் பொறித்தனர்.

அந்த ஏற்பாடு காலப்போக்கில் தளர்ந்தது. 1948இல் புதுக்கோட்டை சமஸ்தானம் இந்திய யூனியனுடன் இணைந்தது. 1963ஆம் ஆண்டுச் சட்டம் சிறு இனாம்களை ஒழித்தது. விளைச்சலை நம்பியிருந்த கைங்கர்யங்கள் பல ரொக்கத்தை நம்ப வேண்டியதாயின. பெரிய தலங்கள் நிமிர்ந்து நின்றன. சிற்றூர்க் கோயில்கள் ஒருகாலப் பூஜையோடு நின்றன. நிதி வசதியற்ற அத்தகைய கோயில்களின் அர்ச்சகர், பட்டாசாரியார், பூசாரிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை வழங்கும் திட்டத்தைத் தமிழக அரசு 2021இல் தொடங்கியது. அதுவரை பலர் எதைக் கொண்டு வாழ்ந்தனர் என்பதை அத்திட்டமே சொல்லாமல் சொல்கிறது. 2020இல் கொள்ளைநோயால் கோயில்களில் பொதுத் தரிசனம் நின்றபோது தட்டுக் காணிக்கையும் நின்றது. ஆயினும் பெருமாளுக்கு அமுது செய்விக்கும் கடமை ஒருநாளும் நிற்கவில்லை.

பொருள் ஒன்றே துன்பம் அன்று. ஊர் விழிக்குமுன் நீராட வேண்டும். உலகம் விடுமுறை கொண்டாடும் நாளில்தான் பணி மிகுதி. உடல்நலம் குன்றினாலும், வீட்டில் துக்கம் நேர்ந்தாலும், மாற்று ஒருவரைத் தாமே தேடியாக வேண்டும். அர்ச்சகருக்குப் பெண் கொடுக்கத் தயங்கும் காலமும் வந்துவிட்டது.

“பகவானுக்குச் செய்யும் தொண்டுக்குக் கூலி கேட்கலாமா?” என்பர் சிலர். கோயில் பூஜையால் ஜீவிப்பவர் என்ற பழியை அன்றே சிலர் பாகவதர்மேல் சுமத்தினர். ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஆளவந்தார் ஆகமப் பிராமாண்யத்தில் அதற்கு மறுமொழி கூறினார். கைங்கர்யத்தை விலைபேசுவது குற்றமே, ஐயமில்லை. ஆனால் விலைபேசுவோர் யார்? தட்டில் பெரிய நோட்டை இட்டு அருகில் நின்று சேவிக்க விரும்புகிறார் ஒருவர். வெறுங்கையோடு வந்த ஏழை மூதாட்டி பின்னுக்குத் தள்ளப்படுகிறாள். அர்ச்சகரின் அன்றைய அடுப்பு அந்த நோட்டை எதிர்பார்த்திருக்குமாயின், குற்றம் அவர் ஒருவருடையது மட்டும் அன்று. வயிற்றைப் பக்தரின் கைக்குக் கட்டிவிட்டு, மனத்தை மட்டும் பற்றற்றிருக்கச் சொல்வது நியாயமாகாது.

ஆகவே, காணிக்கை சலுகை கேளாததாய் இருத்தல் வேண்டும். அர்ச்சகரை ஆதரிப்பது பிச்சையும் அன்று, கூலியும் அன்று; ஊரார் அனைவரும் செய்ய வேண்டிய கைங்கர்யத்தை அவர் ஒருவர் தோளில் சுமக்கிறார் என்பதால், அது அவருக்குச் சேர வேண்டிய பங்கு. ஊருக்குத் திரும்பும் அன்பர்கள், தம் ஊரின் சிறு கோயிலில் இன்று விளக்கு எரிகிறதா, தளிகைக்கு அரிசி உண்டா என விசாரிக்கலாம். பத்துக் குடும்பங்கள் மாதம் ஒருமுறை முறைவைத்து எண்ணெயும் அரிசியும் ஏற்கலாம். அர்ச்சகர் நோயுற்ற நாளில் மாற்று ஏற்பாட்டை ஊரே செய்யலாம். அவர் பிள்ளைகளின் படிப்பை ஊர்ப்பிள்ளைகளின் படிப்பாகவே எண்ணலாம். சந்நிதியில் நெருக்கித் தள்ளாமல், கடுஞ்சொல் சொல்லாமல், அவரை நிதானமாகத் திருவாராதனம் செய்யவிடுவதும் ஓர் உதவியே. அதற்குப் பொருட்செலவும் இல்லை.

எம்பெருமான் அர்ச்சகரின் கையை நம்பி நிற்கிறான். அர்ச்சகர் அடியார்களின் நெஞ்சை நம்பி நிற்கிறார். ஆதலின் எங்கோ ஒரு சிற்றூர்ச் சந்நிதியில் நாளைக் காலை திருவிளக்கு ஏற்றப்படுமா என்பதை, இன்று இங்கே சேவித்துத் திரும்பும் அடியார்களே தீர்மானிக்கின்றனர்.