சித்திரத்தின் விலை

பென்சிலுக்குள் இருக்கும் கறுப்புப் பொருளை ஈயம் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் இன்னமும் உண்டு. அது ஈயமன்று, கிராபைட் என்னும் ஒருவகைக் கரி. 16ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் வட பகுதியில், பாரோடேல் என்ற பள்ளத்தாக்கில் அது கட்டி கட்டியாகக் கிடைத்தது. அந்த ஊர் இடையர்கள் அதை முதலில் எதற்குப் பயன்படுத்தினார்கள் தெரியுமா? தங்கள் ஆடுகளின்மேல் அடையாளம் போடுவதற்கு என்று வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். 'இது என்னுடையது' என்று ஒரு பிராணியின் உடம்பில் எழுதுவதற்காக மனிதன் எடுத்த பொருள், பிறகு காகிதத்துக்கு வந்து, அந்தப் பிராணியையே எழுதக் கற்றுக்கொண்டது.

காகிதத்துக்கு வந்த பிறகு அந்தப் பழைய புத்தி அதை விட்டு நீங்கியதா? ஒரு பறவையையோ மிருகத்தையோ வரைகிறவன் அதைப் பார்க்க விரும்புகிறானா, அல்லது தனக்கென்று வைத்துக்கொள்ள விரும்புகிறானா? வெளிக்கு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். ஒன்றல்ல என்பதற்கு ஒரு மகா கலைஞரின் வாழ்க்கையே சாட்சி.

பறவைச் சித்திரம் என்றால் உலகம் முதலில் சொல்லும் பெயர் ஜான் ஜேம்ஸ் ஆடுபன். 1827 முதல் 1838 வரை வெளிவந்த அவருடைய 'அமெரிக்கப் பறவைகள்' என்ற நூலில் 435 படங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு பறவையும் அதன் இயல்பான அளவிலேயே இருக்கும். பூநாரை அந்தப் பெரிய தாளிலும் அடங்காததால் கழுத்தை வளைத்துத் தலையைத் தாழ்த்தி வரைந்திருக்கிறார். நீர்வண்ணத்தின்மேல் பென்சிலை மெல்ல ஓட்டி இறகின் பளபளப்பைக் கொண்டுவருவதில் அவர் நிபுணர். ஆனால் அந்தப் பறவைகள் எப்படி அவர் முன்னால் அசையாமல் நின்றன? சுட்டு வீழ்த்திய பறவையை, உடல் விறைப்பதற்கு முன்பே கம்பிகளால் ஒரு பலகையில் பொருத்திவிடுவார். பலகையில் கட்டங்கள் இருக்கும். காகிதத்திலும் அதே கட்டங்கள். அளவு தப்பாது.

1833இல் பாஸ்டன் நகரில் அவர் உயிருள்ள பொன்னிறக் கழுகு ஒன்றை விலைக்கு வாங்கினார். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவிழ்த்துப் பறக்க விட்டுவிடலாமா என்றுகூட ஒரு சமயம் நினைத்தார். கடைசியில் சித்திர ஆசைதான் வென்றது. இறகு கலையாமல் கொல்லவேண்டும் என்பதற்காக, மூடிய அறையில் கரியை மூட்டி அதன் புகையில் விட்டார், கழுகு சாகவில்லை. மறுநாள் கந்தகமும் சேர்த்துப் பார்த்தார். அப்போதும் அது நிமிர்ந்து நின்றது. பிறகு கூரிய நீண்ட இரும்பால் அதன் இருதயத்தைக் குத்தினார். நாள் கணக்கில் உட்கார்ந்து வரைந்து முடித்தார். முடித்ததும் நோயில் விழுந்தார். இவை எல்லாம் அவரே எழுதிவைத்தவை.

அவருக்காக வாதாடுவது கடினமல்ல. அன்று வேகமான காமிரா இல்லை. பறவைகளைப் பற்றிய அறிவு முழுவதுமே அந்தக் காலத்தில் துப்பாக்கி முனையில்தான் வளர்ந்தது. அவர் வரைந்த கரோலினாக் கிளி இன்று உலகத்தில் இல்லை. கூண்டிலிருந்த கடைசிக் கிளி 1918இல் சின்சினாட்டி மிருகக்காட்சிச் சாலையில் இறந்தது. அந்தக் கிளிக் கூட்டம் எப்படி இருந்திருக்கும் என்று நம் கண்ணுக்குச் சொல்வது அவருடைய படம்தான். கோழிக் குழம்பு சாப்பிட்டுவிட்டு அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நமக்கு என்ன யோக்கியதை என்றும் கேட்கலாம். இத்தனையையும் நான் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனாலும் அந்தக் கழுகுப் படத்தில் ஒரு மூலை என்னை விடமாட்டேன் என்கிறது. அவர் கையால் தீட்டிய மூலச் சித்திரத்தில், முயலைப் பற்றிக்கொண்டு எழும்பும் கழுகுக்குக் கீழே, பாதாளத்தின் குறுக்கே கிடக்கும் ஒரு மரத்தின்மேல் சின்னஞ்சிறு மனிதன் ஒருவன் தவழ்ந்து போகிறான். அவன் முதுகில் செத்த கழுகு. ஆடுபன் தம்மையே அங்கே வரைந்துகொண்டார் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். நூலுக்காக அச்சிட்ட படத்தில் மரம் இருக்கிறது, மனிதனைக் காணோம். எழுத்தில் மறைக்காத ஒன்று படத்தில் மறைந்துபோயிற்று. விலை கொடுத்து வாங்கியவர்கள் கழுகின் கம்பீரத்தை மட்டும் பார்த்தார்கள். அந்தக் கம்பீரத்துக்குக் கழுகு கொடுத்த விலையைப் பார்க்கவில்லை.

இதற்கு எதிர்ப்பக்கம் ஒன்றும் உண்டு. நம் வேடந்தாங்கலில் 18ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில், வெள்ளைக்காரச் சிப்பாய்கள் ஏரிப் பறவைகளைச் சுட்டபோது ஊர்க் குடியானவர்கள் செங்கற்பட்டுக் கலெக்டரிடம் முறையிட்டு, 'இனிச் சுடக்கூடாது' என்று உத்தரவு வாங்கினார்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரியும். அந்த ஏரிக்கரைக்கு ஒரு ஜனவரியில், ஓய்வுபெற்ற சித்திர ஆசிரியர் ஒருவருடன் போயிருந்தேன். கையில் ஒரு நோட்டும் இரண்டு பென்சில்களும்தான் கொண்டுவந்திருந்தார். நீர்க்கடம்ப மரத்தில் நத்தைகொத்தி நாரைகள். மேல் அலகும் கீழ் அலகும் நடுவில் ஒட்டாமல் ஒரு சந்து விட்டிருக்குமே, அந்த நாரை. ஒரு கோடு போடுவதற்குள் அது தலையைத் திருப்பிக்கொள்ளும். உடனே பக்கத்தில் வேறொரு தலை தொடங்குவார். முதல் நாரை பழைய நிலைக்கு வந்தால் விட்ட இடத்துக்குத் திரும்புவார். இரண்டு மணி நேரத்தில் பக்கம் நிறையத் தலைகள், பாதிச் சிறகுகள், ஒற்றைக் கால்கள். எட்டிப் பார்த்த பள்ளிக்கூடப் பையன் கேட்டான்:

"ஒண்ணுகூட முழுசா இல்லையே, சார்?"

"அது நின்னாத்தானே, தம்பி!" என்றார் அவர்.

பையன் சிரித்துவிட்டு ஓடிவிட்டான். எனக்கு அந்தப் பதில் அவ்வளவு எளிதாக விலகவில்லை.

ஆடுபனின் கழுகில் ஓர் இறகும் குறையாது. ஆனால் அது நிற்கும் நிலையைக் கொடுத்தது கம்பி. கம்பியை வளைத்தது மனிதன். இந்த நோட்டில் இறகு எண்ணிக்கை கிடையாது. கழுத்து திரும்பியது, கால் மடங்கியது எல்லாம் நாரை தானாகக் கொடுத்தவை. பென்சிலில் வெள்ளை நிறம் இல்லை. வெள்ளை வேண்டுமானால் காகிதத்தைத் தொடாமல் விடவேண்டும். அலகின் சந்தை அவர் அப்படித்தான் விட்டிருந்தார். பறவை காட்டாததையும் அப்படியே விட்டிருந்தார்.

அரைகுறை அறிவோடு திருப்தி அடையச் சொல்கிறீர்களா என்று கேட்கலாம். இல்லை. அந்த ஆசிரியர் மறு வருஷமும் போனார். துப்பாக்கி ஒரு நொடியில் கொடுப்பதைப் பொறுமை பத்து வருஷத்தில் கொடுக்கலாம். சிலவற்றைக் கொடுக்காமலே போகலாம். அப்படிக் கொடுக்காததைப் பறித்துக்கொள்ள நமக்கு உரிமை உண்டா என்பதுதான் விஷயம். எனக்கு இல்லை என்றே படுகிறது.

இப்போது காமிரா இருக்கிறது, இரத்தம் சிந்தாமலே முழுப் படமும் வரைந்துவிடலாம் என்பார்கள். உண்மைதான். ஆனால் நல்ல புகைப்படம் வேண்டும் என்று கூட்டை மறைக்கும் இலைகளை விலக்குகிறவர்கள் உண்டு. இலை விலகிய கூட்டில் வெயிலும் காகமும் புகும். துப்பாக்கி போனாலும் ஆசை போகவில்லை.

ஆசிரியரின் நோட்டில் ஒரு தாளில் அலகு மட்டும் இருக்கிறது, கண் இல்லை. கீழே தேதி போட்டு, 'பறந்துவிட்டது' என்று எழுதியிருக்கிறார்.