யாருக்குத் தலை வணங்குகிறோம்?

சென்ற தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. சிலுவைப்பாதை முடிந்து மக்கள் கலைந்த பின், ஒரு தாய் தம் 13 வயது மகனுடன் கோவில் வாசலில் காத்திருந்தார்.

"சாமி, இவன் தாம்பரத்தில் கராத்தே வகுப்புக்குப் போகிறான். சுவரில் மாட்டியிருக்கும் ஒரு பெரியவர் படத்துக்குக் குனிந்து வணக்கம் செய்த பிறகுதான் பயிற்சி தொடங்குமாம். அது முதல் கட்டளைக்கு எதிரான பாவம் என்று அன்பியக் கூட்டத்தில் சொல்கிறார்கள். நிறுத்திவிடட்டுமா?"

நான் உடனே பதில் சொல்லவில்லை. காரணம் உண்டு. இளங்குருவாக வேறொரு பங்கில் பணியாற்றியபோது, சிலம்பம் பயின்ற ஓர் இளைஞன் இதே ஐயத்தோடு என்னிடம் வந்தான். எதையும் விசாரியாமல், "விட்டுவிடு" என்றேன். அவன் சிலம்பத்தை விடவில்லை; கோவிலுக்கு வருவதை விட்டுவிட்டான்.

ஆராதனை இறைவன் ஒருவருக்கே உரியது. இதில் விட்டுக்கொடுப்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால் குனிவதெல்லாம் ஆராதனை ஆகுமா? பெற்றோரின் காலைத் தொட்டு வணங்குகிறோம். ஆயரின் மோதிரத்தை முத்தி செய்கிறோம். உடல் ஒரே விதமாய் வளைந்தாலும், உள்ளம் செலுத்துவது வேறு வேறு.

திருச்சபையே இதை நெடுங்காலம் எண்ணிப் பார்த்துத்தான் தெளிந்தது. கன்பூசியசுக்கும் முன்னோருக்கும் செய்யப்படும் சடங்குகளைச் சீனக் கத்தோலிக்கருக்கு 1742-இல் திருத்தந்தை பதினான்காம் பெனடிக்ட் உறுதியாகத் தடை செய்தார். 1939 டிசம்பர் 8-ஆம் நாள், பன்னிரண்டாம் பயஸ் காலத்தில், இறந்தோரின் படத்தின் முன் தலை வணங்குவது அனுமதிக்கப்பட்டது. குனியும் முறை மாறிவிடவில்லை. காலப்போக்கில் அதற்கு மக்கள் கொண்ட பொருள் மாறியிருந்தது. நம் மண்ணிலும், 1606-இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் இராபர்ட் தே நொபிலி, குடுமியும் சந்தனமும் சமூக அடையாளங்களே என்று வாதாடினார். மூடநம்பிக்கை கலவாதிருக்க வேண்டும் என்ற நிபந்தனையுடன் 1623-இல் பதினைந்தாம் கிரகோரி அவற்றை ஏற்றார்.

ஆகவே இம்முறை விசாரித்தேன். படத்தில் இருந்தவர் கிச்சின் புனகோஷி. 1922-இல் ஒகினாவாவின் கராத்தேயைத் தோக்கியோவுக்குக் கொண்டு சென்று பரப்பிய ஆசிரியர். 1957-இல் மறைந்தார். அவருக்குச் செய்வது மாணவன் ஆசானுக்குச் செய்யும் மரியாதை. அங்கே ஒரு தெய்வத்தின் படத்துக்குக் கற்பூரம் காட்டி வழிபடச் சொல்லியிருந்தால் என் பதில் வேறாயிருக்கும்: பணிவோடு ஒதுங்கி நில் என்றிருப்பேன். தியான முறைகளிலும் அப்படித்தான். கிறிஸ்தவத் தியானம் பற்றி 1989-இல் உரோமை வெளியிட்ட மடல், பிற சமய முறைகளில் பயனுள்ளவற்றை நாம் ஏற்கலாம் என்கிறது. ஆனால் அவை நம் செபத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்ளலாகாது.

இவ்வளவும் தாயின் கேள்விக்கு விடை. பிறகு பையனிடம் கேட்டேன்: "எதற்காகத் தம்பி கற்கிறாய்?"

"பள்ளியில் அடிப்பாங்க சாமி. இப்போ யாரும் என் மேல கை வைக்கிறதில்ல." சற்று நிறுத்தி, "போன வாரம் நானே ஒருத்தனை அடிச்சேன்" என்றான். அவன் முகத்தில் ஒரு சிறு பெருமிதம்.

தாய்க்கு இச்செய்தி புதிதன்று. ஆனால் அதை ஒரு கேள்வியாக அவர் கொண்டுவரவில்லை.

தன் உயிரைக் காக்க அளவான வலிமையைப் பயன்படுத்தலாம். அளவு மீறினால் அது குற்றம் என்கிறார் புனித தாமஸ் அக்குவினாஸ். தலைமைக் குருவின் முன் காவலன் கன்னத்தில் அறைந்தபோது, ஆண்டவர் திருப்பி அடிக்கவில்லை, வாய்மூடி நிற்கவுமில்லை. ஏன் அடித்தாய் என்று நிமிர்ந்து கேட்டார். அஞ்சாமல் நிற்கும் அந்த நிமிர்வுக்கு ஒரு கலை துணை செய்யுமானால், அதை ஏன் தடுக்க வேண்டும்? முதல் அடியை நாம் அடிக்கலாகாது என்று புனகோஷியும் தம் மாணவர்க்குப் போதித்திருக்கிறார்.

"வகுப்புக்குப் போ. ஆசானுக்கு வணக்கம் செய். ஆனால் திங்கட்கிழமை முதல் வேலையாக, நீ அடித்தவனிடம் போய் மன்னிப்புக் கேள்" என்றேன்.

பையனின் முகம் வாடியது. படத்தின் முன் எளிதாய்க் குனிந்த தலைக்கு, தான் அடித்தவன் முன் குனிவது கடினமாயிருந்தது. நம்மில் எவருக்குத்தான் அது எளிது?